மீன் தொட்டிக்குள் ஒரு பாறைச் சுவர்: வீட்டிலேயே செதுக்கி ஒட்ட முழுமையான வழிகாட்டி

பார்க்கப் பாறை, உள்ளே ஸ்டைரோஃபோம், மேலே சிமெண்டு. மீன் தொட்டியின் பின்கண்ணாடிக்கு முப்பரிமாணச் சுவர் செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டு பொருள்களின் குணத்தையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டைரோஃபோம் தண்ணீருக்குள் சும்மா இருக்காது, மேலே வரத்தான் பார்க்கும். சிமெண்டை நன்றாக ஊறவைக்காவிட்டால் அது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றி மீனைக் கொன்றுவிடும். செதுக்குவதும் வண்ணம் பூசுவதும் ஆசையாகச் செய்யும் வேலை, போகப் போக யாருக்கும் கைவந்துவிடும். சுவர் நிற்பதும் மீன் பிழைப்பதும் ஊறவைப்பதிலும் ஒட்டுவதிலும்தான் இருக்கிறது. அதனால் அந்த இரண்டையும் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

பேக் டு நேச்சர், ஜுவல் போன்ற நிறுவனங்கள் விற்கும் ஆயத்தச் சுவர்களை வாங்கி மாட்டுவோரும் உண்டு. அவை பாலியூரித்தேனில் செய்தவை. சிமெண்டுப் பிரச்சினை அவற்றில் கிடையாது, மிதக்கும் குணம் மட்டும் அப்படியே உண்டு. அவர்கள் அளவெடுக்கும் பகுதியையும் ஒட்டும் பகுதியையும் படித்தால் போதும். ஆனால் விலை கூடுதல், வடிவமும் அவர்கள் கொடுப்பதுதான். நம் தொட்டிக்கு நாமே செதுக்கும் சுவரில் எந்த இடத்தில் திட்டு, எந்த இடத்தில் பொந்து என்று நாமே முடிவு செய்யலாம்.

முதலில் மீன், அப்புறம் பாறை

பினாங்கில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் நிறைய. இங்கே இனப்பெருக்கம் செய்த டிஸ்கஸ் வெளிநாடுகளிலும் பெயர் வாங்கியது. அந்த மீனுக்கு மென்மையான, சற்று அமிலத்தன்மையுள்ள தண்ணீர் பிடிக்கும். நம் ஓடைகளுக்கே உரிய ஹார்லிகுயின் ரஸ்போராவும் அப்படித்தான். இவற்றுக்குச் சிமெண்டுச் சுவர் வைப்பதாக இருந்தால் நீண்ட நாள் ஊறவைத்து, மேலே மீன் தொட்டிக்கு ஏற்ற எப்பாக்ஸிப் பூச்சும் கொடுக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவற்றுக்குப் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7.8 முதல் 8.6 வரை இருப்பது இயல்பு. அதற்காக ஊறவைக்காமல் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். புதுச் சிமெண்டு தண்ணீரின் பிஎச்சை 11, 12 வரைக்கும் கொண்டுபோகும். அதில் எந்த மீனும் தாங்காது.

ஃபிளவர்ஹார்ன் வளர்க்கிறீர்களா? அது மண்ணைத் தோண்டும், நீட்டிக்கொண்டிருப்பதைக் கடிக்கும். மெல்லிய விளிம்புகளைத் தவிருங்கள். பண்டாராயா மீன் (பாசி தின்னும் பிளெக்கோ) வாயால் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஸ்டைரோஃபோம் மேல் வெறும் வண்ணம் பூசிய சுவரை அது கொஞ்ச நாளில் வெள்ளையாக்கிவிடும். நான் சிமெண்டையே சிபாரிசு செய்வதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரே ஒரு பாறையைப் பார்த்துச் செதுக்குங்கள்

கற்பனையில் செதுக்கிய பாறை பெரும்பாலும் அடுக்கிவைத்த ரொட்டித் துண்டுகளாகத்தான் முடிகிறது. நிஜப் பாறையைப் போய்ப் பாருங்கள். பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆனது. தண்ணீர்மலைப் பக்கத்து ஓடையிலும் பத்து ஃபெரிங்கி கடலோரத்திலும் கிடக்கும் பெரிய உருண்டைக் கற்களைக் கவனித்தால் சில விஷயங்கள் புரியும். மூலைகள் தேய்ந்து உருண்டிருக்கும், ஆனால் விரிசல்கள் மட்டும் நேர்கோட்டில் ஓடும். ஒரு விரிசல் இன்னொன்றைப் போய்ச் சந்திக்கும். கிட்டத்தில் பார்த்தால் சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளைத் துகளும் கறுப்பு அப்ரகப் புள்ளியும் கலந்திருக்கும். தண்ணீர் தொடும் இடம்வரை கல் கறுத்தும் அதற்கு மேலே வெளுத்தும் இருக்கும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலை இருக்கிறது. அது சுண்ணாம்புப் பாறை. அதில் மேலிருந்து கீழாக மழைநீர் அரித்த பள்ளங்கள், குழிகள், தொங்கும் விழுதுகள் எல்லாம் உண்டு. இரண்டும் அழகுதான். ஆனால் ஒரே சுவரில் கலக்காதீர்கள், கண்ணுக்கு உடனே பொய் தெரிந்துவிடும். தொட்டிக்குள் பாறை எப்போதும் ஈரமாகவே இருக்கும் என்பதால் கல் நனைந்திருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை எடுத்து வர வேண்டாம், படம் போதும்.

அளவும் ஒரு சின்னக் கணக்கும்

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள நான்கடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 243 லிட்டர். சுவரின் கனம் சராசரியாக 5 செ.மீ. என்றால் அது 27 லிட்டர் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும். அதாவது, சிமெண்டின் எடையைக் கழித்தாலும், இருபது கிலோவுக்கு மேல் ஒரு விசை இரவு பகலாகச் சுவரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். நாலு சொட்டு சிலிக்கான் வைத்து ஒட்டிய சுவர் ஒருநாள் பிய்த்துக்கொண்டு வருவது இதனால்தான். தண்ணீரும் 27 லிட்டர் குறைவதால் வழக்கமாக விடும் மீன்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் உட்புறத்தை அளவெடுங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதிலேயே சிறிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளில் இருக்கும் பழைய சிலிக்கானும் சில மில்லிமீட்டரைத் தின்னும். அடுத்ததாக, பலரும் மறந்துவிடுவது சிமெண்டின் கனம். மூன்று பூச்சு போட்டதும் முகப்பின் ஓரங்கள் 4, 5 மி.மீ. தடித்துவிடும். ஆகவே ஸ்டைரோஃபோமை இரண்டு பக்கமும் 5 மி.மீ. குறைத்தே வெட்டுங்கள். அட்டைப்பெட்டியில் மாதிரி வெட்டித் தொட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

தொட்டியின் மேல்விளிம்பில் கண்ணாடித் தாங்கு பட்டை இருந்தால் சுவரை ஒரே துண்டாக உள்ளே நுழைக்க முடியாது. இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகச் செய்யுங்கள். இணைப்பு நேர்கோட்டில் இருக்கக் கூடாது, பாறையின் பெரிய விரிசல் ஒன்றின் வழியே வளைந்து இறங்கட்டும். அப்போது இணைப்பே விரிசலாகிவிடும். பின்பக்கம் பட்டை இருப்பது நல்லதும்கூட. சுவரின் மேல்முனையை அதற்கு அடியில் செருகிவிட்டால் மிதக்கும் விசையில் ஒரு பங்கை அந்தப் பட்டையே தாங்கிக்கொள்ளும்.

வடிகட்டிக் குழாயை மறைக்கச் சுவருக்குப் பின்னால் இடைவெளி விடலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, முதல் சுவருக்கு வேண்டாம். இடைவெளி விட்டால் மேலேயும் கீழேயும் வலை போட்ட வாய் வைத்து, நடுவில் தண்ணீர் ஓட வழி செய்ய வேண்டும். ஓட்டம் இல்லாத இடைவெளியில் கழிவு தேங்கி அழுகும், சிறிய மீன்களும் இறால்களும் நுழைந்து சிக்கிக்கொள்ளும். குழாயை ஒரு மூலையில் பாறைத் தூண் போலச் செதுக்கி மறைத்தால் போதும். தூணைக் கழற்றி மாட்டும்படி வையுங்கள், குழாயைக் கழுவ வேண்டிவரும்.

பொருள்கள்

ஹார்ட்வேர் கடையில் 1 அங்குல, 2 அங்குல ஸ்டைரோஃபோம் பலகை கிடைக்கும். சந்தையில் பழப்பெட்டி, காய்கறிப்பெட்டி கேட்டாலும் கொடுப்பார்கள். மீன்பெட்டி வேண்டாம். அதில் ஊறிய எண்ணெய்ப்பசை போகாது, அதன்மேல் சிலிக்கான் பிடிக்காது. சாம்பல் நிற போர்ட்லண்ட் சிமெண்டு, சலித்துக் கழுவிய ஆற்று மணல், சிமெண்டுக்கான இரும்பு ஆக்சைடு வண்ணத்தூள் (கறுப்பு, மஞ்சள், சிவப்பு) வாங்குங்கள். கடற்கரை மணல் கூடாது, உப்பு.

சிலிக்கான் வாங்கும்போது கவனம். மீன் தொட்டிக்கானது என்று குழலில் எழுதியிருக்க வேண்டும். குளியலறைக்கென விற்பதில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கு விஷம். கடை முதலாளி தவுக்கே “எல்லாம் ஒன்றுதான்” என்று சொன்னாலும் குழலைத் திருப்பிப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். நான்கடித் தொட்டிக்கு நாலைந்து குழல் பிடிக்கும். சாத்தே குச்சி ஒரு கட்டு, நீளக் கத்தி, கம்பி பிரஷ், பழைய பெயிண்ட் பிரஷ்கள், கையுறை, முகமூடி. அவ்வளவுதான்.

செதுக்குதல்

அடிப்பலகை முழுவதும் 1 அங்குலம். அதன்மேல் பாறை பிதுங்கும் இடங்களில் துண்டுகளை அடுக்கிச் சிலிக்கானால் ஒட்டுங்கள். நடுவே சாத்தே குச்சியைக் குத்திவைத்தால் நகராது. காய்ந்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள், மரம் தண்ணீரில் அழுகும். ஷூ ஒட்டும் பசை, ஸ்பிரே பெயிண்ட் இரண்டும் ஸ்டைரோஃபோமைக் கரைத்துவிடும். கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

கீழே கனமாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருந்தால் பாறை இயற்கையாகத் தெரியும். கீழே 8, 10 செ.மீ. கனம், மேலே 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய வெட்டுகளை முதலில் வெட்டி, தள்ளி நின்று பார்த்துவிட்டு, அப்புறம் சின்ன வேலைக்கு வாருங்கள். கத்தியால் வெட்டிய தளம் வழவழவென்று இருக்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் அது சொரசொரப்பாகும், சிமெண்டும் நன்றாகப் பிடிக்கும். கையால் ஓரங்களைப் பிய்த்தெடுத்தால் கத்தியில் வராத உடைந்த கல்லின் முகம் கிடைக்கும். பொந்துகள் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுக்குச் சேரும். சூடான கம்பியாலோ ஹீட் கன்னாலோ உருக்கி வடிவம் கொடுக்கிறவர்கள் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. கொண்டோ பால்கனியில் வேலை செய்தால் வெள்ளை உருண்டைகள் பறந்து சாக்கடையில் போய் விழும். பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பெருக்காமல் வேக்குவம் வைத்து உறிஞ்சுங்கள்.

துண்டுகள் ஒட்டிய இடத்தில் பிதுங்கிய சிலிக்கான் மேல் சிமெண்டு பிடிக்காது. சிலிக்கான் ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவி அழுத்திவிட்டால் அந்த மணலைப் பற்றிக்கொண்டு சிமெண்டு நிற்கும். சின்ன விஷயம்தான், ஆனால் செதில் செதிலாக உரியும் சுவர்களில் இதைச் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

சிமெண்டு அடிப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் தொட்டிக்குள் வைத்து, குழாய், விளக்கு எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். இதற்குப் பிறகு திருத்துவது கஷ்டம்.

சிமெண்டும் வண்ணமும்

முதல் பூச்சு வெறும் சிமெண்டும் தண்ணீரும், தோசை மாவுப் பதத்தில். பிரஷால் எல்லாக் குழிக்குள்ளும் குத்திக் குத்தி இறக்குங்கள். இரண்டாவது, மூன்றாவது பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஒரு நாள் விட்டு, அடுத்ததைப் பூசுவதற்கு முன் பழைய பூச்சைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம், சிமெண்டுக் குழம்பு தோலை அரிக்கும்.

முகப்பில் மட்டும் பூசுங்கள். கண்ணாடியைத் தொடப்போகும் பின்பக்கமும் ஓரங்களும் வெறும் ஸ்டைரோஃபோமாகவே இருக்க வேண்டும். மீன் தொட்டிச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், அந்த வினிகர் வாசனை அதுதான். அமிலமும் சிமெண்டின் காரமும் சேர்ந்தால் ஒட்டு பலமாக இருக்காது.

நம் ஊர் வெயிலில் மெல்லிய பூச்சு இறுகுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் அதுதான் காரணம். சாயங்காலத்தில், நிழலில் வேலை செய்யுங்கள். பூசி முடித்ததும் பிளாஸ்டிக்கால் மூடி, தினம் இரண்டு தடவை தண்ணீர் தெளித்து, குறைந்தது ஒரு வாரம் ஈரமாகவே வையுங்கள். சிமெண்டு 28 நாள்வரை பலம் ஏறிக்கொண்டே போகும்.

வண்ணத்தூளைக் கடைசிப் பூச்சில் கலக்குங்கள். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, பூச்சு பலவீனமாகும். கருங்கல்லுக்கு முதலில் கறுப்புக் கலந்த அடர்நிறத்தை விரிசல்களிலும் அடிப்பகுதியிலும் விட்டு, அதன்மேல் சாம்பல், கடைசியாக வெள்ளைச் சிமெண்டில் தொட்டு ஏறக்குறைய உலர்ந்துவிட்ட பிரஷால் மேடுகளில் மட்டும் லேசாகத் தடவுங்கள். பழைய பல்துலக்கியைக் கறுப்பில் தோய்த்து விரலால் தெறித்தால் அப்ரகப் புள்ளிகள் கிடைக்கும். காய்ந்த நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு மூலையை நனைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் எல்லாமே ஒரு படி கறுத்துத் தெரியும்.

ஊறவைத்தல்

அவசரப்படக் கூடாத இடம் இது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் துண்டுகளை வைத்து, மேலே மரச்சட்டத்தைக் குறுக்காகக் கட்டி அமுக்கி, முழுதாக மூழ்க வையுங்கள். முதல் வாரம் தினமும், அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரை மூடாமல் வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து பார்த்தால் அபராதமும் உண்டு. வலையோ மூடியோ போட்டுவிடுங்கள்.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு வாளியில் வெறும் குழாய்த்தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஊறும் தண்ணீரையும் வாளித் தண்ணீரையும் ஒரே நேரத்தில் பிஎச் பாருங்கள். தண்ணீர் மாற்றி மூன்று நாள் ஆன பிறகும் இரண்டும் ஒரே நிறம் காட்டினால் சுவர் தயார். சாதாரண நன்னீர்ச் சோதனை மருந்துகளில் சில 7.6-க்கு மேல் காட்டவே காட்டாது. 9 இருந்தாலும் 7.6-இன் நிறத்தோடு நின்றுவிடும். உயர் அளவு காட்டும் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். பினாங்கின் தண்ணீர் பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து வருவது, மென்மையானது. மென்மையான தண்ணீருக்குப் பிஎச் ஏற்றத்தைத் தடுக்கும் சக்தி குறைவு, கொஞ்சம் சுண்ணாம்பு கரைந்தாலும் எகிறிவிடும்.

பொதுவாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். கடைசியில் ஒருமுறை பத்துக்கு ஒன்று வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு நாள் போட்டு எடுத்தால் மேற்பரப்பில் மிஞ்சிய சுண்ணாம்பு கரையும். அடிக்கடி செய்தால் பூச்சே அரிக்கும். டிஸ்கஸ்காரர்கள் இதற்குப் பிறகு நன்றாக உலர்த்தி முகப்புக்கு மட்டும் எப்பாக்ஸி அடித்துக்கொள்ளலாம். பளபளப்பு வந்துவிட்டால், எப்பாக்ஸி ஈரமாக இருக்கும்போதே மெல்லிய மணலைத் தூவிக் குறைக்கலாம்.

ஒட்டுதல்

சுவர் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். தொட்டி காலியாக இருக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தொட்டியைத் தூக்கி, தரையில் தடித்த ஃபோம் விரித்து, பின்கண்ணாடி கீழே வரும்படி படுக்கப் போடுங்கள். இப்படி வைத்தால் சுவரின் எடையே அதைக் கண்ணாடியோடு அழுத்திக்கொள்ளும். கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அதன்பிறகு விரல் படக் கூடாது.

சிலிக்கானைக் கண்ணாடி முழுக்கத் தடவிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது தவறு. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அகலமாகத் தடவி மூடிவிட்டால் நடுவில் இருப்பது பல நாள் கூழாகவே கிடக்கும். 6, 7 செ.மீ. இடைவெளியில் விரல் கனத்துக்கு மேலிருந்து கீழாகக் கோடுகள் போடுங்கள். துண்டை வைத்து, லேசாக இடமும் வலமும் அசைத்து அழுத்துங்கள். மேலே துணி விரித்துப் புத்தகங்களை அடுக்குங்கள். இரண்டு நாள் கழித்து, சுவர் கண்ணாடியைத் தொடும் நான்கு ஓரங்களிலும் துண்டுகளின் இணைப்பிலும் தொடர்ச்சியாக ஒரு சிலிக்கான் கோடு இழுத்து, இடைவெளியே இல்லாமல் மூடுங்கள். அதன்மேலும் நிறம் பார்த்து மணல் தூவினால் கண்ணுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு முழுதாக ஒரு வாரம் விடுங்கள். தொட்டிக்குள் முகத்தை விட்டு மோந்து பாருங்கள். வினிகர் வாசனை துளி இருந்தாலும் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர், செடி, மீன்

நிரப்பினால் தொட்டியின் மொத்த எடை 300 கிலோவை நெருங்கும், தாங்கும் மேசை சமமாக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பாருங்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு ஒரு நாள் பொறுங்கள். மேல் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தால் சுவர் ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் உடனே தண்ணீரை இறக்கி, உலர்த்தி, மறுபடி ஒட்டுங்கள். சரியாக நின்றால் அடுத்த நாள் மூன்றில் இரண்டு, அப்புறம் முழுவதும். ஆன்டிகுளோரின் விட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். பிஎச்சையும் வாரம் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காத்திருப்பு நாள்களில் செடி வைக்கலாம். ஜாவா ஃபெர்ன் நம் நாட்டு ஓடைகளில் பாறைமேல் வளரும் செடி, போர்னியோவின் புசெபலாண்ட்ராவும் அப்படித்தான். இரண்டுக்கும் மண் வேண்டாம். அவற்றின் தண்டை விரிசலில் வைத்து ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் போதும், வேர் தானாகச் சிமெண்டைப் பற்றிக்கொள்ளும். விளக்கைச் சுவருக்கு நேர் மேலே வைக்காமல் முன்கண்ணாடிப் பக்கமாக நகர்த்திவையுங்கள். அப்போது பாறையின் முகத்தில் வெளிச்சம் விழும், பொந்துகளில் நிழல் தங்கும்.

ஒன்றிரண்டு மாதத்தில் மெல்லிய பாசி படர்ந்து புதுச் சிமெண்டின் வெளிறல் மறையும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். கருமையான முடிப்பாசி வந்தால் மட்டும் பல்துலக்கியால் எடுங்கள். எங்காவது பூச்சு உடைந்து வெள்ளை தெரிந்தால் தொட்டியைக் காலி செய்யத் தேவையில்லை. தண்ணீருக்குள்ளேயே இறுகும் இரண்டு பகுதி எப்பாக்ஸிப் பசை மீன் கடைகளில் கிடைக்கும். கையில் பிசைந்து, உடைந்த இடத்தில் அழுத்தி, மேலே கொஞ்சம் மணலைப் பதித்துவிடுங்கள்.